கந்தல் சங்கத்தில் என் தங்கச்சி

எனக்கு அறுபத்தொன்பது வயது. எட்டுப் பெற்றேன், ஆறை வளர்த்தேன். ஆறு பேருக்கும் கல்யாணம் முடித்து, அதில் இரண்டு குடும்பங்களை இலங்கையை விட்டு இந்தியாவுக்கு வழியனுப்பியும் வைத்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் போகிறது. போகட்டும். விடியுமுன் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டில் பேர் கொடுக்க ஓடும் வேலை இனி எனக்கு இல்லை.

தங்கச்சி எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு வருடம் திரும்புகிறது. வருடத் திவசத்துக்கு வரும் சொந்தபந்தங்களுக்கு ஒரு மலர் அச்சடித்துக் கொடுக்க அவள் மகளும் மருமகனும் ஆசைப்பட்டார்கள். கூடப் பிறந்தவர்களில் உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். காலமானவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்று அச்சகத்துத் தம்பி சொல்லியனுப்பினார். முறை எனக்கும் தெரியும். இடுப்பில் தூக்கி வளர்த்தவளை அப்படி எழுதக் கை போகவில்லை. அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். தங்கச்சி மகளை நான் மகள் என்றுதான் சொல்வது. இப்போது அவள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். "பெரியம்மா, எல்லாத்தையும் எழுதுங்க. பழைய தோட்டத்து விஷயத்தை மட்டும் விட்டுருங்க. படிக்கிறவங்க அம்மாவை ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றாள். பழைய தோட்டத்து விஷயம் என்றால், தங்கச்சி தேயிலை திருடிப் பிடிபட்டு வேலை போனவள் என்ற பேச்சு. இந்த மலரைக் கையில் வாங்கும் பலருக்கும் அந்தப் பேச்சுத் தெரியும். அது பொய். பொய் என்று தெரிந்தவர்களில் பாதிப்பேர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், பாதிப்பேர் மண்ணுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நான். அதனால் அந்த விஷயத்தை விட்டுவிட என்னால் முடியாது.

நாங்கள் பிறந்தது பூனாகலைப் பக்கம். அப்பா தேயிலைச் செடியைக் குட்டையாக்கும் கவ்வாத்து வெட்டினார். தங்கச்சிக்கு நான்கு வயது ஆகும்போது அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது ஒன்பது. அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டே விறகு பொறுக்கினேன். பின்னால் இரண்டு பேரும் அப்புத்தளைக்கு மேலே ஒரே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டோம். அந்தத் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. இன்னும் அங்கே நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோரில் வேலை. கொழுந்தை அரைத்து, காய வைத்து, சலித்துப் பெட்டியில் அடைக்கும் இடம் அது. மலை வேலையை விட ஸ்டோர் வேலை ஒரு படி மேல் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கொழுந்து எடுப்பதிலும் என்னைத் தாண்டியவர் அந்த மலையில் கிடையாது. தங்கச்சி அப்படியில்லை. பேச்சும் குறைவு, கொழுந்தும் குறைவு. மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது அவள் வீட்டுக்காரர் கண்ணை மூடிவிட்டார். கைக்குழந்தையோடு லயத்து வரிசை வீட்டில் ஓர் அறைக் காம்பராவில் இருந்தாள்.

அந்த மலைக் குளிர் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மத்தியானத்திலேயே மூட்டம் கதவு வழியாக உள்ளே வந்து உட்காரும். மகளுக்குப் போர்த்த ஒன்றும் இல்லாமல் தங்கச்சி பழைய துணிகளை அடுக்கி ஒரு ஒட்டுப் போர்வை தைத்தாள். அடியில் மா மூட்டைத் துணி, நடுவில் கிழிந்த கம்பளித் துண்டு, மேலே பழஞ்சேலைகளை வெட்டி ஒட்டியது. மூன்றையும் சேர்த்து நெருக்கமாக நூலோட்ட வேண்டும். அதைப் பார்த்து மேட்டு லயத்துப் பெரிய மாரியாயி தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அப்புறம் இன்னொருத்தி வந்தாள். நாளாவட்டத்தில் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த இடத்தில், சிமெந்துத் தரையில் துணியை விரித்துச் சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போர்வை. மேல் துணிக்கு எல்லோரும் ஆளுக்கொரு துண்டு கொண்டுவர வேண்டும். நடு அடுக்குக்கு உரியதை மட்டும் போர்வைக்காரி கொண்டுவர வேண்டும். போர்வை யாருக்கோ அவள் அதில் ஊசி தொடக் கூடாது. மற்றவர்கள் தைத்துத் தருவார்கள். அவள் உட்கார்ந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை வைத்தவள் தங்கச்சி. தன் கையால் தனக்கென்று தைத்தால் பெருமை வரும் என்று அவள் நினைத்தாளோ என்னவோ, காரணம் சொன்னதில்லை.

எனக்கு அப்போது இரண்டு நல்ல கம்பளி இருந்தது. கந்தலைத் தேடிப் போக வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று இருந்தேன். ஒரு ஞாயிறு தண்ணீர்க் குடத்தோடு போகும்போது வாசலில் நின்று, "என்னா, கந்தல் சங்கம் கூடியாச்சா? சந்தா எவ்வளவு?" என்று கேட்டேன்.

பெரிய மாரியாயி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "சந்தா ஒரு பழைய சீலைதான். ஒங்கிட்டதான் எல்லாமே புதுசா இருக்கே, ஒன்னைய எப்படிச் சேக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சியும் குனிந்தபடி சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பேர் அப்படியே நிலைத்துவிட்டது. அவர்களே தங்களைக் கந்தல் சங்கம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

கம்பளி இரண்டும் பிள்ளைகள் பெருகப் பெருகத் தேய்ந்தன. ஆறு பிள்ளைகள் இரண்டு கம்பளியை இழுத்துக்கொண்டு படுத்தார்கள். சின்னவனுக்கு நெஞ்சுச் சளி கட்டிக் கட்டி வந்தது. ஒரு ஐப்பசி மழையில் மானத்தை விட்டு ஒரு பழஞ்சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பரா வாசலில் போய் நின்றேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். தங்கச்சி தலை நிமிராமல், "வாக்கா. மாரியாயி அக்கா பக்கத்துல எடம் இருக்கு, குந்து" என்றாள். அவ்வளவுதான்.

கொழுந்து எடுத்த விரல் தையலுக்கு வணங்காது. தேயிலைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கும். நூல் அந்த வெடிப்பில் மாட்டும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுத்தான் ஊசி பிடிக்க வேண்டும். எனக்கோ வேகம் குறையாது. எல்லோரும் ஒரு சாண் தைக்கும்போது நான் இரண்டு முழம் போய்விடுவேன். பெரிய மாரியாயி குனிந்து பார்த்துவிட்டு, "இது தையலா ஏணியா? ஒவ்வொரு படியிலயும் ஒரு பூனை குந்தலாம் போல" என்பார். தங்கச்சி என் தையலைப் பிரித்துவிட்டு, நூலை நீவி என் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள். நான் இடுப்பில் தூக்கியவள் என் தையலைப் பிரிப்பதா என்று எனக்கு எரியும்.

"நீ எத்தனை தடவதான் பிரிப்ப?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கொழுந்துல கை முன்னால ஓடணும்க்கா. இதுல கை நின்னு நின்னு போகணும். ஒனக்கு நிக்கத் தெரியல."

அந்த வருடமே என் முறை வந்தது. நடு அடுக்குக்கு நான் கம்பளி கொண்டுபோக வேண்டும். வீட்டில் இருந்த இரண்டும் பிள்ளைகள் மேல் கிடந்தன. வெட்ட முடியாது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களே ஆளுக்கொரு துண்டு போட்டிருப்பார்கள். ஆனால் நான் முன்னமே, "என் போர்வைக்கு முழுக் கம்பளி வைப்பேன், பாருங்க" என்று வாய் விட்டிருந்தேன். ஸ்டோர்க்காரர் வீட்டில் ஒரு கம்பளிக்கு வழியில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஸ்டோரில் தூள் சலிக்கும் இடத்தில், சுவர் மூலையிலும் இயந்திரத்து மேலேயும் பழுப்பு நிறத்தில் ஒரு பஞ்சு படியும். தேயிலையிலிருந்து பறக்கும் சுணை அது. அள்ளினால் மெத்தென்று இருக்கும். எதற்கும் உதவாது. கூட்டி, சுண்ணாம்பு கலந்து குழியில் கொட்டுவார்கள். ஆனால் அதில் ஒரு பிடி வெளியே கொண்டுவந்தாலும் கள்ளத் தேயிலை என்றுதான் கணக்கு. அதற்குச் சட்டம் இருந்தது. அதைத்தான் கொண்டுவரச் சொன்னேன். என் வீட்டுக்காரர், "வேண்டாம் புள்ள, வேலைக்கு வினை" என்றார். "குழியில போற குப்பைதானே, யாரு தேடப் போறா" என்று நான்தான் நச்சரித்தேன். அவர் ஒரு மாதமாகச் சோற்றுத் தூக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார். இரண்டு மா மூட்டைத் துணிக்கு நடுவில் அதைப் பரப்பி, ஓரம் தைத்து மெத்தை மாதிரி ஆக்கி, பசறைச் சந்தையில் வாங்கிய இலவம்பஞ்சு என்று சொல்லிக் கொண்டுபோனேன்.

வாசத்தில் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எங்கள் சேலையில், தலைமுடியில், பிள்ளைகள் தொட்டிலில் கூட அந்த வாசம்தான். பிறந்ததிலிருந்து அதையே மூச்சாக விட்டவர்களுக்கு அது தனியாகத் தெரியவில்லை. பெரிய மாரியாயி மட்டும் இரண்டு தடவை தும்மி, "பசறைப் பஞ்சு மூக்குல ஏறுதுடி" என்றார். நான் கட்டுப்பாட்டின்படி ஊசி தொடாமல் உட்கார்ந்து தேத்தண்ணீர் ஊற்றினேன். ஒன்பது பேரும் சேர்ந்து மூன்று ஞாயிறு தைத்தார்கள். தடிப்பான, அழகான போர்வை. அந்தக் குளிர்காலம் சின்னவன் இருமாமல் தூங்கினான்.

மறு வருட மழையில் கூரை ஒழுகிப் போர்வை நனைந்தது. அப்புறம் காயவே இல்லை. உள்ளே கட்டி கட்டியாகிப் புளித்த நாற்றம் வந்தது. வேறு வழியில்லாமல் தங்கச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, உள்ளே சரி பண்ணித் தரச் சொன்னேன். அவள் ஒரு மூலையைப் பிரித்தாள். விரலை விட்டு எடுத்து முகர்ந்தாள்.

"அக்கா, இது என்னா?"

நான் பிரித்த மூலையை மடித்து மூடப் பார்த்தேன்.

"மாமா கொண்டாந்தாரா?"

"குப்பைதானே புள்ள."

"குப்பைன்னு தொரைகிட்டச் சொல்ல முடியுமா? ஒம்போது பொம்பளை கையும் இதுல இருக்குக்கா. புடிச்சா எல்லாரையுமில்ல புடிப்பாங்க." அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அப்புறம் போர்வையைச் சுருட்டிக்கொண்டே, "இங்கயே கெடக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக் கொட்டிட்டு வேற ஏதாச்சும் வச்சுத் தாறேன். நீ வாயத் தொறக்காத" என்றாள்.

பாதியைக் கொட்டியும் விட்டாள். மழை விட்ட ஒரு மத்தியானம், நாற்றம் போக வேலியில் விரித்திருக்கிறாள். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் தண்ணீர் ஓடும் கான் ஓரத்து வெள்ளையடித்த கல்லில் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடியிருக்கிறது. அந்த வழியாக வந்த காவல்காரர், "என்னா, ஒன் போர்வைக்குச் சாயம் போகுதா?" என்று கேட்டுக்கொண்டே விரலை வைத்து முகர்ந்து பார்த்தார். கத்தியை எடுத்துக் கீறினார்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். போர்வையைத் தரையில் விரித்துப் போட்டிருந்தார்கள். துரை கேட்டதைக் கணக்கப்பிள்ளை திருப்பிக் கேட்டார்.

"யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க. குப்பைக் குழிக்குப் போறதுக்கு முந்தி நானா அள்ளுனேங்க."

"தைச்சது யாரு?"

"நாந்தாங்க. ஒண்டியாத்தான் தைச்சேன்."

விரித்துக் கிடந்த போர்வையின் மேல் பெரிய மாரியாயியின் மஞ்சள் சேலைத் துண்டு இருந்தது. ஒன்பது பேருடைய துண்டும் இருந்தது. ஒருத்தியும் தலை நிமிரவில்லை. அது என் வீட்டுப் போர்வை என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் என் வீட்டுக்காரர் வேலை போகும், ஆறு பிள்ளைகளும் தெருவில் நிற்கும் என்பதும் தெரியும். தங்கச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் வாய் திறந்துவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ.

நான் வாய் திறக்கவில்லை. ஆறு பிள்ளைகள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். வெட்கமும் இருந்தது. கம்பளிக்கு வக்கில்லாமல் குப்பையைத் தைத்துக் கொண்டுபோனாள் என்று ஊர் பேசுமே என்ற வெட்கம். இந்த இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு வேலையை விட்டு நிறுத்தும் பற்றுச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒரு தகரப் பெட்டியும் மகளுமாக பஸ் ஏறினாள். நான் கூடப் போனேன். பஸ் வரும்வரை அவள் சொன்னது ஒன்றுதான். "என் போர்வையை மடிச்சுக் கதவுக்குப் பின்னால வச்சிருக்கேன். சின்னவனுக்குப் போர்த்து." மகளுக்கென்று அவள் தைத்த முதல் போர்வை அது. போர்வை இல்லாமல்தான் இரண்டு பேரும் பசறைக்குப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு பிள்ளைக் காம்பராவுக்குப் போகக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். பெரிய மாரியாயி, "ஒன் தங்கச்சி எடம் காலியாக் கெடக்கு. குந்து. வாய் பேசாமத் தை" என்றார். ஒரு வருடம் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஊசி கேட்டால் கொடுப்பார்கள். தேத்தண்ணீர் ஊற்றினால் எனக்கும் ஒரு கோப்பை நகர்த்தி வைப்பார்கள். அவ்வளவுதான். பேச்சு இல்லாமல் போனதும் கைக்கு வேகம் குறைந்தது. நின்று நின்று போகப் பழகியது அந்த ஒரு வருடத்தில்தான். தையல் கற்றுக்கொண்டேன் என்று நான் சொல்லிக்கொள்வது அதைத்தான்.

தங்கச்சி பசறைப் பக்கம் தூரத்துச் சொந்தமான ஒரு கங்காணி வீட்டில் ஒண்டினாள். பேர் பதியாத வேலை, மழை வந்தால் அதுவும் இல்லை. சொந்தக் காம்பரா கிடைக்கவே பல வருடம் ஆனது. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை துணி விரித்து உட்கார்ந்தாள். பெண்கள் சேர்ந்தார்கள். என்ன பேர் என்று அவர்கள் கேட்டதற்கு, "கந்தல் சங்கம். எங்க அக்கா வச்ச பேரு" என்றாளாம். அதை ஒருத்தி என்னிடமே பெருமையாகச் சொன்னாள். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பண்டாரவளை, பதுளை என்று பஸ் மாறிப் போய் வருவேன். சாப்பாட்டுக்கே இல்லாமல் ஒரு ரொட்டிக்காகப் பாண் கடை வாசலில் கிடந்த வருடங்களில், அவளும் நானும் போர்வைகளைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே சிங்களக் கிராமங்கள் இருக்கும் நாட்டுப்பக்கம் போவோம். ஒரு சிங்கள அம்மா போர்வையை வாசலில் விரித்து, அதில் படுத்துப் புரண்டு பார்த்துவிட்டு எழும்பவே மாட்டேன் என்று சிரித்தார். தங்கச்சி பக்கத்தில் குந்திக்கொண்டு, "நல்லா உருண்டு பாருங்கம்மா, எங்க அக்கா தையல் பிரியாது" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்கு என்ன புரிந்ததோ, ஒரு பலாக்காயும் சாக்கு நிறைய மரவள்ளியும் கொடுத்தார். திரும்பி ஏறும்போது ஏற்றத்தில் இரண்டு தடவை உட்கார்ந்தோம். அப்போது நான், "அந்த விஷயத்த..." என்று ஆரம்பித்தேன். "சுமையோட அந்தப் பேச்சு வேணாம்க்கா, மூச்சு வாங்கும்" என்றாள்.

மகளுக்கு முதலில் வந்த இடத்தையும் எழுத வேண்டும். மாப்பிள்ளையின் அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஒரு பேச்சுக் காதுல விழுந்துச்சு, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணோட ஆத்தா தேயிலை எடுத்துப் பத்துச்சீட்டு வாங்குனவகளாமே?" என்று கேட்டார். தங்கச்சி, "ஆமாங்க. எம் மக அப்ப சின்னப்புள்ளைங்க" என்றாள். பெரியம்மா என்று மரியாதையாக நடுவில் உட்கார வைத்திருந்தார்கள் என்னை. வெற்றிலைத் தட்டு என் மடியில் இருந்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான்.

அதன் பிறகு ஒரு ஞாயிறு மகள் கேட்டாள், "ஏம்மா எடுத்தீங்க அதை?" என்று. தங்கச்சி ஊசியில் நூல் கோத்தபடி, "குளிருக்குத்தாண்டி" என்றாள். அதே போர்வையின் மறுமுனையில் நான் தைத்துக்கொண்டிருந்தேன். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். தாயோடு அவள் சரியாகப் பேசாமல் இருந்த வருடங்கள் அவை.

கடைசியில் தங்கச்சிக்கு இருமல் வந்து நெஞ்சில் தங்கிவிட்டது. நான் போய் நான்கு நாள் கூட இருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் மகள் தண்ணீருக்குப் போயிருந்தாள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடி நான்கு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் தலையெடுத்தாகிவிட்டது. இனி யார் வேலையும் போகாது. அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "மககிட்ட நான் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். அப்புறம், "சொல்லுறதுன்னா நான் நல்லா இருந்தப்பவே என் காதுபடச் சொல்லியிருக்கலாம்க்கா. இப்ப ஒன் இஷ்டம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகள் குடத்தோடு வந்தாள். நான் சொல்லவில்லை. நான்காம் நாள் விடிந்தபோது தங்கச்சி இல்லை.

ஆகவே இப்போது எழுதுகிறேன். தேயிலையைக் கொண்டுவரச் சொன்னது நான். போர்வைக்குள் வைத்தது நான். பெரட்டுக் களத்தில் ஒரு தடவை, வெற்றிலைத் தட்டோடு ஒரு தடவை, படுக்கைப் பக்கத்தில் ஒரு தடவை பேசாமல் இருந்ததும் நான். தங்கச்சி யார் பொருளையும் எடுத்தவள் அல்ல. இதை வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். அவளைப் பேசிய வாய்கள் அதிகம். என் எழுத்து அத்தனை தூரம் போகாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பேர் பதியாதவளுக்கும் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்த கங்காணி வீட்டாருக்கு என் கும்பிடு. தையல் கடையில் விழும் வெட்டுத் துண்டுகளை மூட்டையாகக் கட்டி வைத்து, "தங்கச்சி வந்தா குடுங்க" என்று ஆளிடம் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போகும் பதுளைக் கடை நானாவுக்கும், அவர் பிள்ளைகளுக்கும். பழைய பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பெண் எடுத்த சம்பந்தி வீட்டாருக்கும், தாய்க்குத் தாயாகப் பார்த்த மருமகனுக்கும். கடைசிப் பயணத்துக்குப் பாடை தூக்கிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும். எங்கே இருந்தாலும் பெரிய மாரியாயிக்கும் மற்றக் கந்தல் சங்கத்தாருக்கும். அவர்கள் என்னோடு பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துத்தான் நன்றி.

இத்தோடு என் கை ஓய்ந்துவிட்டது. பேத்தி, என் தங்கச்சி பேத்தி, இந்தத் தாள்களை எடு. அச்சகத்துக்குக் கொண்டுபோகுமுன் முதலிலிருந்து ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டு தாயி. சத்தமாக வாசி. உன் அம்மா அடுப்படியில் இருக்கிறாள், அவளுக்கும் கேட்கட்டும். பாத்திரச் சத்தம் நின்றாலும் நீ நிறுத்தாதே.